தலையெழுத்தைத் திருத்துவது யார்?

நமது நாட்டில் ஒரு குழந்தைக்குத் தீராத நோய் கண்டால், வைத்தியரைத் தேடுமுன் ஜோசியரைத் தேடுகிறார்கள். அவரும் “தலையில் எழுதினதை யாரால் அழிக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு, பரிகாரத்துக்கென்று காசையும் வாங்கிக் கொள்ளுகிறார். அழிக்க முடியாத எழுத்துக்குப் பரிகாரம் எதற்கு என்று கேட்பார் இல்லை.

உடலுக்குள் மெய்யாகவே ஒரு எழுத்து இருக்கின்றது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அது நாள்தோறும் கெடுகின்றது. நாள்தோறும் திருத்தவும் படுகின்றது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், பழத்தோலை நீக்கிய கொட்டைகளைத் தொட்டியில் போட்டுப் புளிக்க வைப்பதைச் சேலம் ஜில்லாத் தோழர்கள் பார்த்திருக்கலாம். அதன் வழவழப்பைக் கரைக்கும் நுண்ணுயிர்களில் ஈஸ்ட் வகைகளும் உண்டு. ரொட்டி மாவை உப்ப வைப்பதும் ஒரு ஈஸ்ட்தான். அந்த ரொட்டி ஈஸ்ட்டின் சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துக்களும் 1996ல் படித்து வெளியிடப்பட்டன.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால், அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கள் ஒட்டிக் கொள்ளுகின்றன. ஈஸ்ட்டுக்குள் ‘ராட்’ என்னும் வரிசைப் புரதங்கள் இருக்கின்றன. ராட் 4 பழுதைக் கண்டுபிடிக்கின்றது. ராட் 3 இழைகளைப் பிரிக்கின்றது. ராட் 1, ராட் 10, ராட் 2 ஆகியவை பழுதின் இருபுறமும் வெட்டுகின்றன. பிறகு எதிர் இழையைப் பார்த்து அந்த இடம் சரியாக எழுதப்படுகின்றது. இப்புரதம் இல்லாத ஈஸ்ட் சிறிதளவு கதிரிலேயே ஏராளமாய்ச் சாகின்றது; தப்பியவற்றில் எழுத்துப் பிழைகள் மலிகின்றன.

மனிதனுக்கும் இதே வகைப் புரதங்கள்தாம். அவை பிறவியிலேயே கெட்டிருந்தால் வெயில்பட்ட தோலெல்லாம் புள்ளி விழும். இளவயதிலேயே தோல் புற்று வரும். பழுது பார்க்கும் வேலை நடவாததே காரணமென்று 1968ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். டி.என்.ஏ. பழுது திருத்தத்தை ஆராய்ந்த லிண்டால், மோட்ரிச், சான்ஜார் ஆகிய மூவர் 2015ல் ரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

இதில் முற்பிறவிப் பாவம் எங்கே வந்தது? தாய் தகப்பன் இருவரிடமும் கெட்ட பிரதி ஒவ்வொன்று மறைந்திருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்து சேருவதாலேயே இந்நோய் உண்டாகின்றது. தாயை மட்டும் பழிப்பது அநியாயம். அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டும் குடும்பங்களில் இப்படிச் சேர இடம் அதிகம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. குளிர்ச்சியைக் கண்டு வெயில் சாதுவென்று எண்ணக்கூடாது. உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிரும் ஏறும். இந்நோயுள்ள குழந்தையை வேண்டுதலென்று பட்டப்பகலில் சேர்வராயன் மலைக் கோயிலுக்குத் தூக்கிப் போவது, நோயை வளர்க்கும் காரியமேயாகும்.

ஆகவே, இத்தகைய குழந்தையை வெயில் படாமல் மூடிக் காக்கும்படியும், தோல் வைத்தியரிடம் தவறாமல் காட்டும்படியும், நெருங்கிய உறவில் மணம் பேசுமுன் யோசிக்கும்படியும் தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.