தங்கவயல் கேசட்டுக்கு எந்த லேப்டாப்?

2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் லைன்களில் அதற்கு முன் நடந்த கல்யாணங்களைப் பார்க்க, பூஞ்சை பிடிக்கும் வீடியோ கேசட்தான் கதி. அதைக் கணினிக்கு மாற்ற விலையுயர்ந்த லேப்டாப் எதற்கு? கணினியில் ஏறினால் படத்தின் அளவே 720க்கு 576 புள்ளிதான். நான்கு கோர் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு இது சின்ன வேலை. தனி கிராஃபிக்ஸ் கார்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

2011 முதல் பல இன்டெல் சிப்களிலேயே வீடியோவைச் சுருக்கும் பகுதி உண்டு. வேகம் அதிகம், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். அவசரமில்லாதவர்கள் ராத்திரி முழுக்க பிராசஸரையே ஓடவிடலாம். விசிறியில்லாத மெல்லிய மாடல் மட்டும் வேண்டாம், சூடேறினால் வேகம் குறைந்துவிடும். மிஞ்சும் பணத்தில் இரண்டு டிஸ்க் வாங்கலாம்.

விசிஆர் தயாரிப்பை ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்தியது. ஓடுகிற விசிஆர் கிடைப்பதுதான் லேப்டாப்பைவிடப் பெரிய பாடு.