கோல்ஃப்காரரின் கணக்கும் தீவகத்துத் தரவையும்

கோல்ஃப் என்பது கனவான்களின் பொழுதுபோக்கு என்று நம்மவர் ஒதுக்கிவைத்த காலம் மலையேறிவிட்டது. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் வேர்கொண்டு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் கிளைபரப்பிய குடும்பங்களில் இன்று கோல்ஃப் ஆடுவோர் உளர். அவர்கள் பேச்சில் ஓயாது அடிபடும் சொல் 'ஹாண்டிகாப்'. போன வருடம் 24, இந்த வருடம் 19 என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பெருமிதம், பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்த செய்தியைச் சொல்லும்போதுகூடத் தோன்றுவதில்லை. அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்தக் கணக்கிலுள்ள நியாயத்தை நம் தீவகத்துக்கும் கேட்டு வாங்கவேண்டும் என்பதே என் கட்சி.

கணக்கு இதுதான். ஒரு சாதாரண ஆட்டக்காரர், தேர்ந்த ஆட்டக்காரரைவிட எத்தனை அடிகள் கூடுதலாக எடுக்கக்கூடும் என்பதை ஓர் எண்ணாக்குகிறார்கள். 2020ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பொதுவான முறை நடைமுறைக்கு வந்தது. ஆடிய கடைசி 20 சுற்றுகளை எடுத்து, திடலின் கடினத்துக்கேற்பத் திருத்தி, அவற்றுள் சிறந்த 8 இன் சராசரியைக் கொண்டு எண்ணைக் குறிக்கிறார்கள். உச்சவரம்பு 54. எண் குறையக் குறைய ஆட்டம் உயர்ந்தது என்று பொருள். இதனால் விளையும் நன்மை இரண்டு. நேற்றுத் தொடங்கியவரும் முப்பது வருடம் ஆடியவரும் ஒரே போட்டியில் சமமாக நிற்கலாம். அதைவிடப் பெரிது, ஒவ்வொருவருக்கும் எதிராளி அவருடைய சென்ற மாதத்து ஆட்டமே.

அந்த எண்ணை இறக்குவது எப்படி? புதிய மட்டையை வாங்கு என்பார் வியாபாரி. குழிக்கு அருகே பந்தை உருட்டிப் பழகு, மற்றதெல்லாம் தானே வரும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, பதிவான அடிகளை ஆராய்ந்து 2014 இல் நூலாக வெளியிட்டபோது இந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. நல்ல ஆட்டக்காரரையும் சுமாரானவரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 யார் தூரத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் இருப்பதாக அவர் கண்டார். நூறு யாருக்கு அப்பாலிருந்து அடித்துப் பழக வீட்டு முற்றம் போதாது. அதற்குத் திடல் வேண்டும்.

பணம் இல்லாதவரும் திடல் இருந்தால் உயர்வார் என்பதற்கு இந்தியாவே சாட்சி. 1991 இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டில்லியில் பிறருடைய கோல்ஃப் பையைச் சுமந்தவர். 1993 இல் மீண்டும் வென்றார். 2009 இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். இவர்களுக்குச் சொத்தும் இல்லை, சிபாரிசும் இல்லை. நாள் முழுவதும் திடலருகே இருக்கும் வாய்ப்பு ஒன்றுதான் இருந்தது.

உடனே நெடுந்தீவில் கோல்ஃப் திடல் கேட்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். முருகைக்கல் நிலத்தில் குடிநீருக்கே தவிக்கும் தீவில் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது பாவம். ஆனால் கோல்ஃப் பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கொட்லாந்தின் கடலோர மணற்பாங்கான மேய்ச்சல் நிலம் அது. நம்மூர் வழக்கில் சொன்னால் தரவை. ஆடு மேய்ந்த தரவையிலேதான் ஆட்டம் வளர்ந்தது. 1764 இல் 18 குழிகள் என்ற கணக்கு வகுக்கப்பட்ட சென் அன்றூஸ் திடல் இன்றும் பொதுநிலம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பழைய திடலில் ஆட்டத்தை நிறுத்தி, ஊர்ச்சனம் உலாவ விடுகிறார்கள்.

நம் தரவைகளுக்கு வந்திருப்பது என்ன? 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்குக்கான பணிகளை ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க தொடங்கிவைத்தார். 40,000 பேர் அமரலாம் என்றார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளின் சனத்தொகையைக் கூட்டினாலும் அந்த இருக்கைகள் நிரம்பா. ஈரநிலமும் கண்டற்காடும் என்னவாகும் என்று சூழலியலாளர் எழுப்பிய கேள்வி வேறு. என் கேள்வி இதைவிடச் சிறியது. அந்த அரங்கில் நயினாதீவுப் பையன் ஒருவன் மாலை ஐந்து மணிக்குப் பந்து வீசிப் பழக முடியுமா?

சர்வதேச ஆட்டம் வந்தால் ஊர் செழிக்கும், பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறக்கும் என்பார்கள். ஊக்கம் பிறக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024 இல் ஐ.பி.எல். ஆட்டத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீசியபோது யாழ்ப்பாணத்தில் நாற்பதாயிரம் இருக்கை எங்கே இருந்தது? பாடசாலை மைதானம் இருந்தது, ஓயாத பயிற்சி இருந்தது. மாடி முதலில், அத்திவாரம் பிறகு என்று கட்டும் கொத்தனாரை எவரும் வேலைக்கு அமர்த்தமாட்டார். விளையாட்டு விடயத்தில் மட்டும் அவரையே மாலை போட்டு அழைக்கிறோம்.

தீவுக்கு ஒரு தரவை சமன்செய்யப்படட்டும். அதில் சீமெந்து ஆடுகளம் ஒன்று, பயிற்சி வலை இரண்டு, உதைபந்தாட்டக் கம்பங்கள், கரப்பந்தாட்டத் திடல் ஆகியவை போதும். ஊதியம் பெறும் பயிற்றுநர் ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வரட்டும். ஒவ்வொரு பிள்ளையின் ஆட்டமும் ஒரு கொப்பியில் பதியப்படட்டும். போட்டி நாட்களில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் பிந்திப் புறப்படும் படகு ஒன்று விடப்படட்டும். கடைசிப் படகுக்கு ஓடவேண்டிய பிள்ளை எந்த ஆட்டத்தை முழுமையாக ஆடும்?

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் எண் 24 இலிருந்து 19 ஆக இறங்கியதற்கு எத்தனை மாலைகளைத் திடலில் கழித்தீர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊர்ச்சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெயர்பொறித்த நுழைவாயில் வளைவுக்குப் பணம் கேட்டு எழுபவரிடம், அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள். வளைவுக்குத் தரும் காசை, பயிற்றுநரின் ஒரு வருட ஊதியத்துக்குத் தருகிறேன் என்று எழுந்து நின்று சொல்லுங்கள்.