குருபூசைக் கதையின் மறுபாதி

பினாங்கின் நிபோங் திபால் போன்ற ஊர்களில் குருபூசை என்றால் அன்றைய நட்சத்திரத்துக்குரிய நாயன்மார் ஒருவர், அவருடைய கதை ஒன்று. கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டி அப்புவார். இளையான்குடி மாறனார் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் வாரிவந்து விருந்து படைப்பார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரசாதத்துக்கு எழுவார்கள். கரும்பும் ரப்பரும் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்பது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொன்றாகவே கேட்டுப் பழகியதில் பெரியபுராணம் நீதிக்கதைக் கட்டாகிவிட்டது. சேக்கிழார் எழுதியது அதுவல்ல.

12ஆம் நூற்றாண்டில் அவர் அமைத்த 13 சருக்கங்களில் முதலும் கடைசியும் சுந்தரருக்கு. நடுவில் உள்ள 11 சருக்கங்களும் சுந்தரரின் திருத்தொண்டத்தொகைப் பாடல்களின் வரிசையில் வருகின்றன. அந்தத் தொகை பிறந்த கதையோ ஒரு சண்டை. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் ஒதுங்கிப் போனார். விறன்மிண்டர் என்ற அடியார் கொதித்தார்; சுந்தரரையும் அவரை ஆட்கொண்ட சிவனையும் சேர்த்தே தள்ளிவைத்தார். அதன்பின் பாடிய தொகையில் விறன்மிண்டரையும் பெயர் சொல்லி வணங்கினார் சுந்தரர்.

ஏயர்கோன் கலிக்காமர் இன்னும் கடுமையானவர். மனைவி பரவையாரிடம் இறைவனையே தூது அனுப்பிய சுந்தரரை அவரால் மன்னிக்க முடியவில்லை. தமக்கு வந்த சூலைநோயைச் சுந்தரர் வந்து தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். தொகையில் அவருக்கும் வணக்கம் உண்டு. தம்மை ஏசியவர்களைத் தம் பட்டியலிலேயே வைத்த ஒரு கவிஞரை, தனிக்கதை கேட்பவர் சந்திக்கவே மாட்டார்.

கதையைத் தனியே வெட்டிச் சொல்லும் பழக்கம் நம்மோடு நிற்பதில்லை. ஜார்ஜ்டவுனின் நாகூர் சாலையில் 1976 வரை யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. ஜாலான் சைனல் அபிடினில் அவர்களுடைய இடுகாடு இன்றும் இருக்கிறது. அவர்கள் போற்றும் தால்முத் என்ற சமயநூலின் கதைகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஓர் அடுப்பு தூய்மையானதா என்று ரபி எலியேசர் மற்ற அறிஞர்களோடு வாதிடும் கதை புகழ்பெற்றது. வானத்துக் குரலே அவர் பக்கம் பேசியும் பெரும்பான்மையே வென்றது. கடவுளும் சிரித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூலத்தில் கதை மேலே போகிறது. எலியேசரை விலக்கிவைக்கிறார்கள், அவர் அழுகிறார். அவருடைய மனைவி இம்மா ஷாலோம், கணவரின் மன்றாட்டுக்கு, விலக்கியவர்களின் தலைவரான தன் அண்ணன் கம்லியேல் பலியாகிவிடுவாரோ என்று நாளும் காவல் இருக்கிறார். ஒருநாள் காவல் தவறுகிறது, அண்ணன் இறந்துபோகிறார். இத்தனையும் வருவது, சொல்லால் பிறர் மனத்தைப் புண்படுத்தும் குற்றத்தைப் பேசும் பகுதியில்.

தால்முத் ஆய்வாளர்களிடையே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிந்தது என்றார் யோனா ஃப்ராங்கெல். முன்பின் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று 1999இல் நூலே எழுதினார் ஜெஃப்ரி ரூபின்ஸ்டைன். அடுப்புக் கதையைப் பொறுத்தவரை ரூபின்ஸ்டைன் பக்கமே நியாயம் இருக்கிறது. இம்மா ஷாலோமை விட்டுவிட்டால் அது வெற்றிக்கதை. சேர்த்துப் படித்தால் வென்றவர்கள் செய்த கொடுமையின் கதை.

நம் கோவில்களில் இப்படிக் கதைகளைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சித்திரைத் திருவாதிரை விறன்மிண்டருக்கு, ஆனி ரேவதி கலிக்காமருக்கு, ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. மூன்று குருபூசைகளும் நான்கே மாதத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரே பேச்சாளரை மூன்றுக்கும் அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம்.