துடைப்பம் மாதிரி ஒரு வாக்குவம் கிளீனர்

"அக்கா, துடைப்பம் மாதிரி நின்றுகொண்டே தள்ளுகிற, கனமில்லாத வாக்குவம் கிளீனர் வந்திருக்கிறதே, வாங்கலாமா? நம்ம ஊர் தூசிக்குத் தாங்குமா?" என்று எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். தவழுகிற குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வருகிறதாம். மாமியாரோ, "விளக்குமாறு இருக்கிற வீட்டுல இது என்னத்துக்கு?" என்கிறாராம். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

நம் கரிசல் மண்ணின் குணம் உங்களுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் செருப்போடு அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். கயத்தாறில் காற்றாலை சுற்றுகிற வேகத்துக்கு, பெருக்கி முடித்து விளக்குமாற்றை மூலையில் சாத்துவதற்குள் தரையில் மறுபடி ஒரு கறுப்புப் படலம்!

இது களிமண் இனம். ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் வருகிற ஒரு பங்கைவிடவும் சிறியது களிமண் துகள். பூந்துடைப்பத்தால் தள்ளும்போது கனமான குப்பை முறத்துக்கு வந்துவிடும். மாவு போன்ற தூசி மட்டும் மேலே எழும்பி, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் இறங்கும். தவழுகிற குழந்தையின் மூக்கு தரையோடு தரையாக அல்லவா இருக்கிறது? அந்தத் தாயின் கேள்வியை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

இந்த மிஷின் பிறந்த கதையும் இளைப்பில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், ஒரு கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்பாங்ளர் என்பவருக்கு ஆஸ்துமா. தூசி பட்டால் இருமித் தீர்ப்பார். 1907-ல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை, இவற்றைக் கொண்டே தூசி உறிஞ்சும் மிஷின் செய்துவிட்டார். அடுத்த வருஷமே காப்புரிமை கிடைத்தது. ஹூவர் என்பவர் அதை வாங்கி வியாபாரமாக்கினார். தலையணை உறை இருந்த இடத்தில்தான் இன்றைக்கு ஃபில்டர் இருக்கிறது.

நம் ஊருக்கு அந்த ஃபில்டர்தான் முக்கியம். அது மட்டமாக இருந்தால் முன்னால் உறிஞ்சின தூசியைப் பின்னால் ஊதிவிடும். 'ஹெப்பா' ஃபில்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கரிசல் தூசி அதைச் சீக்கிரம் அடைக்கும். ஆகவே குப்பைக் கிண்ணத்தைத் தினமும் வெளியே கொண்டுபோய்க் கொட்டி, ஃபில்டரையும் மெதுவாகத் தட்டுங்கள். கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டினால் உள்ளே கரிசல் சேறாகிவிடும்.

அதே காரணத்தால், மழைநாளில் வாசல்படியில் அப்பின சேற்றில் இதை வைக்கவே கூடாது. ஈரம் மோட்டாருக்கு ஆகாது. சேறு காய்ந்ததும் ஈர்க்கு விளக்குமாற்றால் தேய்த்து உதிர்த்து, பிறகு ஓட்டுங்கள். முற்றத்துக்கும் தெருவாசலுக்கும் விளக்குமாறுதான் சரி. மாமியார் பேச்சு அங்கே ஜெயிக்கிறது!

இன்னொன்றை நம் பக்கத்து சகோதரிகள் கட்டாயம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் வேலை பார்க்கும் வீடுகளில், உதிர்ந்த மருந்துத் தூளையோ மருந்துக் குச்சியையோ இதில் உறிஞ்சாதீர்கள். உள்ளே மோட்டார் சுழல்கிறது. ஒரு பொறி போதும். தீபாவளி வெடிக் குப்பை, சாம்பிராணித் தணல், அடுப்புச் சாம்பலுக்கும் இதே விதிதான்.

பஞ்சு, நூல், தலைமுடி எல்லாம் அடியிலுள்ள உருளையில் சுற்றிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 600 வாட்ஸ் மிஷினைத் தினம் 20 நிமிஷம் ஓட்டினால் மாதம் 6 யூனிட்தான். எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். தூசியை உறிஞ்சிவிட்டுத் துடைத்தால் வாளித் தண்ணீர் சட்டென்று கறுக்காது. இரண்டு வாளி செலவாகிற இடத்தில் ஒன்று போதும். கோடையில் குடத்தோடு காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். குனியாமல் வேலை நடப்பதால் பிரசவமான உடம்புக்கும் சௌகரியம். வீட்டு ஆண்களும் மிஷின் என்றால் தொட்டுப் பார்க்க வருவார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

எட்டயபுரத்துத் தங்கைக்கு: மிஷின் வந்துவிட்டது என்று டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஓட்டும்போதும் கிண்ணத்தைக் கொட்டும்போதும் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். கடையில் வாங்குமுன் ஒரு கையால் தூக்கி, கட்டிலடியில் விடுவதுபோல் சாய்த்துப் பாருங்கள். மாற்று ஃபில்டர் என்ன விலை, கோவில்பட்டியிலேயே கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள்.