நாள் கிழமைக்கு ஒரு வேஷ்டி

சென்ற மார்கழித் திருவாதிரைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்தேன். மற்ற ஸ்தலங்களில் உத்ஸவ மூர்த்திதான் தேரேறி வீதிவலம் வருவது வழக்கம். தில்லையிலோ மூலவராகிய நடராஜப் பெருமானே சிவகாமி அம்மையுடன் சிற்சபையை விட்டு வெளியே எழுந்தருளுகிறார். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒரு முறை, ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு முறை, ஆக வருஷத்தில் இரண்டே முறை. ஆயிரங்கால் மண்டபத்தில் விடியற்காலையில் அபிஷேகம் நடந்து, பட்டும் நகையும் மாலையுமாக அவர் திரும்பி வரும் கோலத்தைக் காண ஜனங்கள் திரள் திரளாய்க் காத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைச் சற்று நோக்கினேன். பெரும்பாலோர் உடுத்தியிருந்தது சந்தைக்குப் போகும்போது உடுத்துவதுதான். சிலர் ஓட்டப் பயிற்சிக்குரிய கால்சட்டையில் வந்திருந்தனர்; சிலர் நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தனர். பிறரைக் குறை கூறுமுன் என்னையே பார்த்துக்கொண்டேன். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அணிந்து சென்ற அதே சட்டை, அதே கால்சராய்! ஆண்டவன் நமக்காக அலங்கரித்துக்கொண்டு வருகிறார். நாம் மட்டும் அப்படியே எழுந்து வந்துவிட்டோமே என்று வெட்கமாயிருந்தது.

என் தகப்பனாரிடம் நான்கு வேஷ்டிகள் இருந்தன. மூன்று அன்றாடத்துக்கு, மயில்கண் கரை போட்ட நான்காவது, தகரப்பெட்டியில் அந்துருண்டையோடு உறங்கும். தீபாவளி, பொங்கல், நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால்தான் பெட்டி திறக்கும். அந்தத் தகர மூடியின் சத்தமே எங்களுக்குப் பண்டிகை வந்ததற்கு அறிகுறி. புதுத்துணி வாங்கினால் மூலையில் மஞ்சள் தடவி, ஸ்வாமி முன் வைத்து, பெரியவர்கள் கையால் பெற்று, நமஸ்கரித்துவிட்டு உடுத்துவோம். துணி சாதாரணமானதுதான், அந்த நாள்தான் அதை உயர்த்திற்று.

துணிக்குப் பேர் போன கரை இது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும், 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர்களும் இப்பக்கம் நாடி வந்ததற்கு நம் நெசவாளரின் துணி ஒரு பெரிய காரணம். எனினும் துணி விளைந்த நாட்டிலேயே சாமானியனிடம் நல்ல துணி ஒன்றே இருந்தது. இன்று நிலைமை நேர்மாறு. கைப்பேசியை விரலால் தொட்டால் சட்டை வாசலுக்கு வருகிறது. மாதந்தோறும் புதுத்துணி உடுத்துகிறவனுக்குத் தீபாவளிக்கென்று தனியாக எதை உடுத்துவது? ஏழ்மையால் அன்று, மிகுதியால்தான் இவ்வழக்கம் தேய்ந்தது.

அலங்காரமே ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கல்யாண வரவேற்பைப் பாருங்கள். வாடகைக் கோட்டு என்ன, சரிகை அங்கி என்ன, முகப்பூச்சு என்ன! புகைப்படம் எடுக்குமிடத்தில் அலங்காரம் மிதமிஞ்சி இருக்கிறது. எடுக்காத இடத்தில் அறவே இல்லை. முன்னெல்லாம் உடுத்திக்கொண்டது நாம் போகிற வீட்டாருக்கும், வந்திருக்கிற நாளுக்கும் செய்த மரியாதை. இப்போது உடுத்துவது படத்துக்கு.

2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேஷ்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விட மறுத்தது. நாடெங்கும் கொதிப்பு எழுந்து, அவ்வாண்டே அத்தகைய தடைகளை நீக்கித் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. நியாயமான சட்டம். ஆனால் கிளப்பில் வேஷ்டி உடுத்தும் உரிமையைப் பெற்றுக்கொண்ட நாம், யாரும் தடுக்காத நம் கோயிலிலும் கூடத்திலும் அதை உடுத்துகிறோமா?

‘பகட்டை விட்டது நல்லதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நல்ல உடை எல்லாருக்கும் எப்போதும் அனுமதிக்கப்பட்டதன்று. 1930-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் சிலர், ஆதிதிராவிட மக்கள் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது, பொன் வெள்ளி நகை அணியலாகாது என்றெல்லாம் தடை விதித்தனர். இதே சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜாநந்தர் நந்தனார் பெயரால் தனியே பள்ளி தொடங்க வேண்டியிருந்த காலமும் அதுவே. விசேஷ உடை சிலரை உயர்த்திப் பலரைத் தாழ்த்துமானால் அது ஒழிவதே நன்று.

காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையையும் குல்லாயையும் துறந்து முழத்துண்டு உடுத்தினார். 1927-ல் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்தபோது அதே கோலம். 1931-ல் லண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதே கோலம். அதைச் சொல்லி, ‘எதை உடுத்தினால் என்ன’ என்று வாதிப்பது தவறு. அவர் கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டவரல்லர். ஏழைகளின் எதிரில் நிற்கத் தகுந்த உடை எதுவென்று வெகுநாள் யோசித்துத் தீர்மானித்தவர்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன், “சுதந்திர தினத்துக்கு எல்லாரும் நல்ல உடையில் வரவேண்டும்” என்று வகுப்பில் உத்தரவிட்டேன். கொடியேற்றத்துக்கு அவள் வரவில்லை. மறுநாள் காரணம் கேட்டேன். “சீருடையைத் தவிர வேற இல்லை, சார்” என்றாள். நான் தலை குனிந்தேன்.

அடுத்த ஆண்டு, “சீருடையே போதும், துவைத்து உடுத்தி வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். எல்லாருக்கும் முன்னதாக அவள் வந்து நின்றாள். பாவாடையின் மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி முனை போலிருந்தது. தலையில் கனகாம்பரம். “யார் தேய்த்தது?” என்றேன். “அம்மா செம்புல நெருப்புப் போட்டுத் தேச்சாங்க, சார்” என்றாள். அன்று கொடிக்கு எதிரே நின்றவர்களில் நன்றாக உடுத்தியிருந்தவள் அவள்தான். ஆசிரியர்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே நேயர்களைப் பட்டு வாங்கச் சொல்லவில்லை. உள்ளதில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கைத்தறி வேஷ்டியோ புடவையோ வாங்குங்கள். நெய்தவர் வீட்டிலும் ஒரு நாள் பண்டிகையாகும்.

தகப்பனாரின் மயில்கண் வேஷ்டி இன்னும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. கரை சற்று வெளுத்துவிட்டது. துவைத்து, கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். ஆனித் திருமஞ்சனத்துக்கு அதை உடுத்திக்கொண்டுதான் தில்லைக்குப் போகப் போகிறேன்.