விற்றால் கம்பெனிக்கு லாபம். விற்காவிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம்!

சினிமாவிலே ஸ்பைடர்மேன் ஒரு தாவு தாவினால் கோடி கோடியாகக் கொட்டுகிறது. சூப்பர்மேன் பறந்தால் தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிகிறது. ஆனால் இந்த வீராதி வீரர்களைப் பெற்று வளர்த்த காமிக்ஸ் புத்தகத்தை விற்கிறாரே, அமெரிக்காவின் சின்னக் கடைக்காரர், அவருடைய கல்லாவைத் திறந்து பார்த்தால்...?

பாவம், கடை வாடகைக்கே தாளம்!

நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய காமிக்ஸ் மாதிரி அல்ல அது. அமெரிக்காவில் காமிக்ஸ் விற்பதற்கென்றே தனிக் கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் ஒரு முதலாளி, கூடமாட ஒன்றிரண்டு பையன்கள். புதன்கிழமை புதுச் சரக்கு வரும் நாள். அன்றைக்கு வாடிக்கைக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போவார்கள்.

"வாடிக்கை இருக்கு, சரக்கு இருக்கு, அப்புறம் என்னய்யா கஷ்டம்?" என்று கேட்கலாம்.

விற்ற புத்தகத்தால் கஷ்டமில்லை. விற்காமல் நின்றுபோன புத்தகம்தான் ஆளைக் கொல்கிறது!

அட்டையைக் கிழித்த காலம்

முன்பெல்லாம் அங்கேயும் பத்திரிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும்தான் காமிக்ஸ் விற்றது. விலை 10 சென்ட். மாதக் கடைசியில் விற்காத பிரதிகளைத் திருப்பி விடலாம். முழுப் புத்தகத்தையும் கட்டி அனுப்பினால் கூலி கட்டுபடியாகாது. அட்டையைக் கிழித்து அனுப்பினாலே போதும், பணம் வரவு வைக்கப்படும்.

கடைக்காரருக்கு நஷ்ட பயம் இல்லை. ஆனால் கமிஷனும் சொற்பம். அதனால் அவருக்கு அதில் அக்கறையும் இல்லை. கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. விற்பதைவிட எவ்வளவோ அதிகமாக அச்சடிக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு.

இந்த நிலையில்தான் பில் சூலிங் என்பவர் வந்தார். நியூயார்க் புரூக்ளின் பகுதியில் பள்ளிக்கூட வாத்தியார். காமிக்ஸ் ரசிகர் மாநாடுகளை நடத்திப் பழகியவர். 1973 வாக்கில் கம்பெனிகளோடு அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தள்ளுபடியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு புத்தகம்கூடத் திரும்பி வராது. இதுதான் ஒப்பந்தம்.

கம்பெனிக்குக் கரும்பு தின்னக் கூலி! கேட்ட பிரதிக்கு மட்டும் அச்சடித்தால் போதும். அனுப்பிய சரக்குக்குக் காசு நிச்சயம்.

கடைக்காரருக்கும் அன்றைக்கு அது லாபம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. விற்காத புத்தகத்தைப் பழைய சரக்குப் பெட்டியில் போட்டு, பின்னால் தேடி வருகிறவனிடம் கூடுதல் விலைக்கு விற்கலாம். இந்த முறை வந்த பிறகுதான் தனிக் கடைகள் பெருகின. பெரிய கம்பெனிகள் சீந்தாத புதியவர்களுக்கும் வழி பிறந்தது. 1984-ல் இரண்டு இளைஞர்கள் சொந்தமாக வரைந்து, கறுப்பு வெள்ளையில் சுமார் 3,000 பிரதிகள் போட்ட புத்தகம்தான் பிற்பாடு உலகம் பூராவும் சினிமாவாக ஓடிய 'நிஞ்சா ஆமைகள்'. அதை முதலில் வாங்கி அடுக்கியவர்கள் இந்தச் சின்னக் கடைக்காரர்கள்தான்.

ஆனால் அன்றைக்குப் போட்ட முடிச்சு இன்றைக்குக் கழுத்தை இறுக்குகிறது.

பத்தில் மூன்று நின்றால்...

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காமிக்ஸின் விலை இன்றைக்கு ஏறத்தாழ 4 டாலர். கடைக்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடி சுமார் பாதி. வாங்குகிற அளவைப் பொறுத்து ஏறும், இறங்கும். அப்படியானால் 10 பிரதி வாங்க 20 டாலர் முதல்.

பத்தும் விற்றால் 40 டாலர் வரும். 20 லாபம். ஐந்து விற்றால் போட்ட முதல் மட்டும் கைக்கு வரும். ஏழு விற்று மூன்று நின்றுவிட்டால்? 28 டாலர்தான் வரும். லாபம் 8.

பத்தில் மூன்று நின்றதற்கே லாபத்தில் பாதிக்கு மேல் பறந்துவிட்டது! மிச்சமிருக்கிற 8 டாலரில்தான் வாடகை, கரண்ட், சம்பளம், வண்டிக் கூலி எல்லாம்.

"அப்போ குறைச்சலாக வாங்க வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்கலாம். குறைத்து வாங்கினால் புதன்கிழமை சாயங்காலம் வருகிற வாடிக்கைக்காரர் வெறுங்கையோடு திரும்புவார். இரண்டு முறை திரும்பினால், மூன்றாவது முறை வேறு கடைக்குப் போய்விடுவார்.

சரி, எத்தனை விற்கும் என்று எப்படித் தெரியும்? அங்கேதான் சங்கடம். புத்தகம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கேட்டலாக் வந்துவிடும். அட்டைப் படத்தையும் நாலு வரி விளம்பரத்தையும் பார்த்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். கடைசியாகக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கெடு உண்டு. அதுவும் விற்பனைக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். மாதாமாதம் பரீட்சை. தோற்றால் அபராதம் கடைக்காரருக்கு மட்டும்!

இன்னொரு தலைவலி, ஒதுக்கி வைக்கும் கணக்கு. "எனக்கு இந்த இந்தப் புத்தகம் மாதாமாதம் எடுத்து வச்சிடுங்க" என்று வாடிக்கைக்காரர் பெயர் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரரும் நம்பி வாங்கி வைப்பார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஆளையே காணோம். வேலை போயிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம். புத்தகம் மட்டும் அலமாரியில் கனத்துக்கொண்டிருக்கும்.

இது போதாதென்று கம்பெனிகள் ஒரு தூண்டில் வேறு போடுகின்றன. ஒரே கதைக்கு விதவிதமான அட்டை. சாதாரண அட்டையில் 25 பிரதி வாங்கினால் அபூர்வ அட்டையில் ஒன்று கிடைக்கும்! அந்த ஒன்று நல்ல விலைக்குப் போகும் என்ற ஆசையில் 25 வாங்குகிறார். அந்த ஒன்று போய்விடுகிறது. இருபத்தைந்தில் பாதி அலமாரியிலேயே நிற்கிறது.

செத்துப் பிழைத்த சூப்பர்மேன்

ஆசை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு 1992 நவம்பர் நல்ல சாட்சி.

அந்த மாதம் 'சூப்பர்மேன் செத்தார்' என்று ஓர் இதழ் வந்தது. கறுப்பு உறை, உள்ளே துக்கப் பட்டை! ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒருவரே அஞ்சு, பத்து என்று அள்ளினார். பிற்காலத்தில் பிள்ளையைப் படிக்க வைக்க உதவும் என்று உறையைப் பிரிக்காமலே பூட்டி வைத்தவர்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஒரு 'எக்ஸ்-மென்' இதழ், ஐந்து விதமான அட்டையோடு 80 லட்சம் பிரதிக்கு மேல் போயிருந்தது.

1938-ல் சூப்பர்மேன் அறிமுகமான 10 சென்ட் புத்தகத்தின் ஒரு பிரதி, 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. அதற்குக் காரணம், அந்தக் காலத்தில் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். எல்லோரும் பத்திரப்படுத்திய புத்தகத்துக்கு எங்கிருந்து கிராக்கி வரும்?

1993-ல் சூப்பர்மேன் உயிரோடு திரும்பிவிட்டார். போட்ட பணம்தான் திரும்பவில்லை. வாங்கிக் குவித்த கூட்டம் கலைந்ததும், இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்த சரக்கு மட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான கடைகள் இழுத்து மூடப்பட்டன. அச்சடித்து ஆசை காட்டியவர்கள் பணத்தை முன்பே வாங்கிவிட்டார்கள். தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்கள் கடைக்காரர்கள்.

ஒரே கதவு, ஒரே பூட்டு

அந்த அடி ஆறுவதற்குள் அடுத்த அடி. 1994 கடைசியில் மார்வெல் கம்பெனி, 'ஹீரோஸ் வோர்ல்டு' என்ற மொத்த வியாபாரக் கம்பெனியை வாங்கியது. அடுத்த ஆண்டு முதல் மார்வெல் புத்தகம் அங்கே மட்டும்தான் என்று அறிவித்தது. மற்றப் பெரிய கம்பெனிகள் 'டயமண்ட்' என்ற மொத்த வியாபாரியோடு கைகோத்தன. ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கிக் கூடுதல் தள்ளுபடி பெற்ற கடைக்காரருக்கு, கொள்முதல் இரண்டாகப் பிரிந்ததும் தள்ளுபடியும் குறைந்தது.

1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. 1997-ல் ஹீரோஸ் வோர்ல்டு மூடப்பட்டது. கடைசியில் மிஞ்சிய பெரிய மொத்த வியாபாரி டயமண்ட் ஒன்றுதான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு காலம், சின்னக் கடைகளுக்குப் புது காமிக்ஸ் வர அந்த ஒரே கதவுதான்.

2020-ல் கொரோனா வந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. மார்ச் கடைசியிலிருந்து மே மத்தி வரை அந்தக் கதவு வழியாகப் புதுச் சரக்கு வரவில்லை. அதே ஆண்டில் டி.சி. கம்பெனி டயமண்டை விட்டு விலகியது. 2021-ல் மார்வெலும் வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஒரு கதவு இருந்த இடத்தில் மூன்று. கடைக்காரருக்கு மூன்று பில், மூன்று வண்டிக் கூலி.

2025 ஜனவரி 14-ந் தேதி டயமண்டும் திவால் மனு போட்டது!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்லக்கூடாது, பாடம் என்றே சொல்ல வேண்டும். பல வெளியீட்டாளர்கள், விற்ற பிறகு பணம் தரலாம் என்ற பேச்சில் தங்கள் புத்தகங்களை டயமண்ட் கிடங்கில் வைத்திருந்தார்கள். டயமண்டின் கடனை அடைக்க அந்தச் சரக்கையே விற்கலாமா என்று நீதிமன்றத்தில் தகராறு வந்தது. "எங்கள் சரக்கு எங்களுக்குத் திரும்ப வேண்டும்" என்பதுதான் வெளியீட்டாளர்களின் வாதம்.

நியாயமான வாதம்தான். ஆனால் சரக்கு திரும்பாவிட்டால் வயிறு எப்படி எரியும் என்பது, புதன்கிழமை தவறாமல் சின்னக் கடைக்காரருக்குத் தெரிந்த சங்கதி ஆயிற்றே!

இலவசத்துக்கும் காசு

கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் கான்கார்டு என்ற ஊரில் கடை நடத்தியவர் ஜோ பீல்டு. பக்கத்து ஐஸ்கிரீம் கடையில் ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். காமிக்ஸுக்கும் ஏன் இப்படி ஒரு நாள் கூடாது என்று யோசனை சொன்னார். 2002 மே 4-ந் தேதி முதல் 'இலவச காமிக்ஸ் நாள்' பிறந்தது. ஸ்பைடர்மேன் சினிமா வெளியான மறுநாள்! குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் கடைக்கு வந்தார்கள்.

வாசகருக்குத்தான் அது இலவசம். அந்தப் பிரதிகளுக்கும் கம்பெனிக்குக் காசு கொடுத்தவர் கடைக்காரர்!

என்ன செய்யலாம்?

"வியாபாரம் என்றால் லாப நஷ்டம் இருக்கத்தான் செய்யும். முடியாதவர் கடையை மூட வேண்டியதுதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. லாப நஷ்டம் இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வியாபாரத்தில் நஷ்டம் முழுக்க ஒருவருக்கே என்பது எந்த ஊர் நியாயம்?

திருப்பி எடுப்பது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் பொதுப் புத்தகக் கடைகள் விற்காத புத்தகத்தைத் திருப்பி அனுப்புவது 1930-களிலிருந்தே உள்ள வழக்கம். 2020 நெருக்கடியில் டி.சி. கம்பெனியே சில மாதத்து இதழ்களைத் திருப்பி எடுப்பதாக அறிவித்தது. ஆபத்துக் காலத்தில் முடிந்தது, சாதாரணக் காலத்தில் ஏன் முடியாது?

எல்லாவற்றையும் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. அது பழையபடி அட்டை கிழிக்கும் காலத்தில்தான் கொண்டுபோய் விடும். வாங்கியதில் ஒரு பங்கையாவது, அதிலும் முக்கியமாக, எப்படி விற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத புதுக் கதையின் முதல் சில இதழ்களையாவது திருப்பி எடுக்கலாம். செய்தால் என்ன ஆகும்? கடைக்காரர் தைரியமாகப் புதுக் கதையை வாங்கி அடுக்குவார். பயம் இருக்கிற வரைக்கும் பழைய சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும்தான் வாங்குவார். அடுத்த நிஞ்சா ஆமை முட்டைக்குள்ளேயே செத்துப்போகும்.

சினிமாக் கம்பெனிக்குக் கதை வேண்டும். காமிக்ஸ் கம்பெனிக்கு வாசகன் வேண்டும். அந்த வாசகனைச் சின்ன வயசில் கடைக்குள் கூப்பிட்டு, "தம்பி, இதைப் படிச்சுப் பாரு" என்று கையில் எடுத்துக் கொடுப்பவர் அந்தச் சின்னக் கடைக்காரர்தான். லாபத்தில் பங்கு கேட்கிற கம்பெனிகள், அவருடைய நஷ்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளட்டும்!