கயிற்றுக்குப் பதில் தெரியாது

2025 அக்டோபர் 8-ஆம் தேதி ஈப்போவைச் சேர்ந்த பன்னீர்செல்வம் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஜொகூரைச் சேர்ந்த தட்சிணாமூர்த்தியின் உயிரும் அதே கயிற்றில் போயிருந்தது. அந்த வாரம் மனம் கொதித்து, மரண தண்டனை கூடாது என்று இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். பாராட்டி நிறைய பேர் செய்தி அனுப்பினார்கள். கிள்ளானிலிருந்து பெரியம்மா மட்டும் போன் செய்தார்.

"நீ எழுதினதைப் படிச்சேன்யா. அந்தப் பிள்ளைக்காக எழுதியிருக்கே, சரி. என் பிள்ளைக்காக என்னிக்காச்சும் ஒரு வரி எழுதியிருக்கியா?"

எனக்கு வாயடைத்துப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

பெரியம்மாவின் இளைய மகன் எனக்கு அண்ணன் முறை, மூன்று வயது மூத்தவர். 2007-இல் ஓர் இரவு, ஒட்டுக்கடை வாசலில் நடந்த வாய்த்தகராறு கைகலப்பாகி, ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். எடுத்தவன் வேற்றூர்க்காரன் இல்லை. அதே தாமான். அவன் அம்மாவும் பெரியம்மாவும் கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து பூக்கட்டியவர்கள்.

வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அன்றைய சட்டப்படி கொலைக்குற்றம் நிரூபணமானால் ஒரே தண்டனைதான். நீதிபதி தூக்கு என்று படித்தபோது நாங்கள் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டோம். மறைக்காமல் சொல்கிறேன், அன்று நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் அண்ணனின் செருப்பு வாசலில் கிடந்தது. பெரியம்மா அதை எடுத்து உள்ளே வைத்தார். தீர்ப்பு அந்த வீட்டில் வேறு எதையும் மாற்றவில்லை.

பிறகு காலம் மாறியது. 2018-இல் அரசாங்கம் தூக்குத் தண்டனைகளை நிறுத்தி வைத்தது. 2023 ஏப்ரலில், கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதாவை நாடாளுமன்றம் ஏற்றது. அவையில் அதற்காகப் பேசியவர் அப்போதைய சட்டத்துறைத் துணையமைச்சர் ராம்கர்பால் சிங். தூக்குமேடையிலிருந்து பலரை மீட்க வாதாடிய கர்ப்பால் சிங்கின் மகன். ஜூலை 4-ஆம் தேதி சட்டம் நடப்புக்கு வந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மரண தண்டனை முற்றாக ஒழியவில்லை. ஒழிந்தது 'கட்டாயம்' மட்டுமே. கொலை வழக்கில் நீதிபதி இப்போது தூக்கும் விதிக்கலாம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஏற்கெனவே தண்டனை பெற்றுக் காத்திருந்தவர்களும் மறுபரிசீலனைக்கு மனுச் செய்யலாம் என்று செப்டம்பரில் வழி திறந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

அவர்களில் ஒருவன்தான் அண்ணனைக் கொன்றவன். 2024-இல் அவன் தூக்கு 30 ஆண்டுச் சிறையானது. உறவுக்காரப் பையன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பெரியம்மா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். போனை என் முன்னால் நீட்டினார். "இதுக்கு என்ன சொல்றே?"

நான் எனக்குத் தெரிந்த நியாயங்களைச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலாவது, தவறினால் திருத்த முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அதே 26 பேரில் 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்கு மட்டும் தூக்கு. அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் ஒப்புக்கொண்டார். 19 வயதில் பிடிபட்ட மகனுக்காக அற்புதம்மாள் 31 ஆண்டு நடையாய் நடந்து, 2022 மே 18-இல் அவரை மீட்டார். இடையில் கயிறு முந்தியிருந்தால் அந்தத் தாய் எந்த வாசலில் போய் நின்றிருப்பார்?

இரண்டாவது, கயிறு பெரும்பாலும் எளியவன் கழுத்தைத்தான் தேடி வருகிறது. 42.72 கிராம் ஹெராயினுக்காக 2022 ஏப்ரல் 27-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட நாகேந்திரனின் அறிவுத்திறன் அளவு 69. அவருக்காக நம் மாமன்னரும் பிரதமரும் கருணை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ஆனால் அந்தக் கடிதங்கள் போன 2021-இல் நம் சட்டப் புத்தகத்திலும் கட்டாயத் தூக்கு இருந்தது. நம் வீட்டிலேயே கயிற்றை வைத்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் கருணை கேட்டால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவங்க மாட்டினது தூள் கேஸ்யா. ஒருத்தர் உயிரையும் கையால எடுக்கலை. அந்த அறிவாளன் செய்யவே இல்லைன்னு சொல்றே. இவன் செஞ்சான். நூறு பேர் பார்த்தாங்க. மனுநீதிச் சோழன் பெத்த பிள்ளையையே தேர்க்காலில் போட்டான். நீ பெரிய நியாயம் பேச வந்துட்டே."

அந்தக் கதையைச் சிறுவயதில் எனக்குச் சொன்னவரே அவர்தான். அதனால் அவரிடமே கேட்டேன். "பெரியம்மா, கதையோட முடிவு என்ன?"

"சிவபெருமான் வந்து கன்னையும் இளவரசனையும் எழுப்பினார்."

"அவர் வராம இருந்திருந்தா?"

பெரியம்மா பேசவில்லை.

அவர் வராதிருந்தால் திருவாரூர் வீதியில் இரண்டு உடல்கள் கிடந்திருக்கும். அரசனின் நீதி நிலைத்தது என்று ஊர் மெச்சியிருக்கும். மணியை அடித்த பசு, கன்று இல்லாமல் அங்கேயே நின்றிருக்கும். அந்தக் கதையில் நாம் எப்போதும் அரசனைத்தான் பார்க்கிறோம். உனக்கு என்ன வேண்டும் என்று பசுவை யாரும் கேட்டதில்லை. நம் நீதிமன்றங்களும் அப்படித்தான். அங்கே வழக்கு அரசாங்கத்துக்கும் குற்றவாளிக்கும் இடையில் நடக்கிறது. மகனைப் பறிகொடுத்தவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

18 ஆண்டில் நானும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். "உங்களுக்கு என்ன வேணும் பெரியம்மா?"

நெடுநேரம் கழித்து வந்தது பதில். "கடைசியா அவன் என்ன சொன்னான்னு தெரியணும். தண்ணி கேட்டானா? அம்மான்னு கூப்பிட்டானா? சண்டை எதுக்காம்? ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் வேற சொல்றான். இத்தனை வருஷமா ராத்திரி ராத்திரி இதேதான்யா ஓடுது."

நூறு பேர் பார்த்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டவன் ஒருவன்தான். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். தூக்கிலிட்டிருந்தால் பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆள் இல்லாமல் போயிருக்கும்.

மரண தண்டனைக்கு எதிராக நான் எழுதியவற்றில் இந்தக் காரணம் இருந்ததே இல்லை. குற்றவாளியின் உயிரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியம்மா கோபப்பட்டது நியாயம்.

சீரமைப்பு நீதி என்று ஒரு வழி இருக்கிறது. 'எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை' என்பதோடு அது நிற்பதில்லை. யாருக்கு வலித்தது, அவர்களுக்கு என்ன தேவை, அதைத் தர வேண்டியவர் யார் என்று கேட்கிறது. 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் வீடு, கார் என்று அடித்து நொறுக்கினார்கள். அவர்களைக் கண்காணித்த அதிகாரி, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நேரில் அழைத்துப்போய் பேசவைத்து, நஷ்டத்தைக் கட்டவைத்தார். அங்கிருந்து இந்த முறை பரவியது. நியூசிலாந்து, மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்து, 1989-இல் இளையோர் வழக்குகளில் குடும்பங்கள் கூடிப் பேசுவதைச் சட்டமாக்கியது.

கொலைக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவில் மிக அதிகமாக விஷ ஊசி மரணங்களைக் கண்ட டெக்ஸஸ் மாநிலத்திலேயே, கொலையுண்டவரின் குடும்பத்தார் விரும்பினால் சிறையில் இருக்கும் குற்றவாளியைச் சந்திக்க 1990-களிலிருந்து ஏற்பாடு இருக்கிறது. கேட்க வேண்டியது குடும்பம்தான், கைதி அல்ல. நடுவில் இருப்பவர் இரு தரப்பையும் தனித்தனியாகப் பல மாதம் தயார்செய்வார். செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாதவனுக்கு அந்த மேசையில் இடமில்லை.

நமக்குத் தெரிந்த முகங்களும் உண்டு. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி சத்தமில்லாமல் வேலூர் சிறைக்குப் போய், தன் தந்தையின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்தார். அதற்கு முன்பே சோனியா காந்தி கருணை காட்டக் கேட்டு, 2000-இல் நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. 1999-இலேயே தண்டனை நிறைவேறியிருந்தால் அந்த மகள் தன் கேள்விகளை யாரிடம் கொண்டுபோயிருப்பார்?

இதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை. மன்னிக்கச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது. சிறைத் தண்டனைக்குப் பதிலாகவும் இதை நான் கேட்கவில்லை. அவன் உள்ளேதான் இருக்கட்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தோட்டத்துக் காலத்திலிருந்து நமக்குப் பஞ்சாயத்துப் பழக்கம் இருக்கிறது. அடிபட்ட பெண்ணை 'சமாதானமாப் போம்மா' என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பஞ்சாயத்துகளை நான் பார்த்திருக்கிறேன். அது சீரமைப்பு அல்ல, வாயடைப்பு. பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். இது அந்த முறையின் முதல் விதி.

நம் நாட்டில் தொடக்கம் இல்லாமல் இல்லை. தண்டனைக்கு முன் பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ தங்கள் பாதிப்பை நீதிமன்றத்தில் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அரசுத் தரப்பு கேட்டால் குற்றவாளி இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். இவை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வழக்கில் சிக்கிய குடும்பம் உங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். வழக்கறிஞர்களாக இருக்கும் இளைஞர்கள் இதைக் கட்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 30, 40 ஆண்டுத் தண்டனை என்பது நீண்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு தாய் கேட்டால் ஒரு கைதி பதில் சொல்வதற்கு முறையான வழியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். கயிற்றை விட்ட அரசாங்கம் அடுத்துச் செய்ய வேண்டியது இதுதான்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். "அவன் முகத்தைப் பார்க்க என்னால முடியுமான்னு தெரியலை," என்றார். கட்டாயமில்லை, கடிதமாகவும் கேட்கலாம் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

புறப்படும்போது வாசல் வரை வந்தார். "அவனோட அம்மா இருக்காளா, தெரியுமா? தீர்ப்புக்கு அப்புறம் கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டா."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இருக்கிறார், பெரியம்மா. பண்டாமாரானில், மகள் வீட்டில். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்ட வரிகளை எழுதிவிட்டேன்.